யாரிடம் மனம் திறப்பது?

"கஷ்டத்தைச் சொல்லி அழுவதற்கும் காசு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டதே!" என்று வருத்தப்படுகிறவர்கள் என் நண்பர்களில் பலர் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் திண்ணை இருந்தது, பாட்டி இருந்தாள், கோயில் பிராகாரம் இருந்தது, அடுத்த வீட்டு அக்கா இருந்தாள். இன்று அவையெல்லாம் போய், மணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து மனத்தைத் திறக்க வேண்டியிருக்கிறதே என்பது அவர்களுடைய ஆற்றாமை.

இந்த ஆற்றாமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திண்ணையைப் பற்றி நமக்கு இருக்கிற ஞாபகத்தில் பாதி, நாம் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டது. திண்ணையில் சொன்ன ரகசியம் சாயங்காலத்துக்குள் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அந்தக் காலத்து மனிதர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் அவர்கள் அங்கே எதைச் சொன்னார்கள்? மழை இல்லாததைச் சொன்னார்கள். முழங்கால் வலியைச் சொன்னார்கள். மருமகள் மரியாதை இல்லாமல் பேசியதைச் சொன்னார்கள். புருஷன் அடிப்பதையும், பெற்ற பிள்ளையைப் பார்த்தாலே வெறுப்பு வருவதையும், ராத்திரி மூன்று மணிக்குக் காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பதையும், இருந்து என்ன பயன் என்று தோன்றுவதையும் சொன்னார்களா? சொல்ல முடிந்ததைத் திண்ணையில் சொன்னார்கள். சொல்ல முடியாததைக் கிணற்றில் போட்டார்கள். சில சமயங்களில் தங்களையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள்.

உறவினர்கள் அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அன்பு இருப்பதுதான் தடை. "எனக்கு இந்த வீட்டில் வாழ முடியவில்லை, அம்மா" என்று ஒரு பெண் சொல்லும்போது, அந்தத் தாயின் காதில் அது மட்டுமா விழுகிறது? இளைய மகளின் கல்யாணம் என்ன ஆகும், சம்பந்தி வீட்டார் என்ன பேசுவார்கள், கொடுத்த நகை என்ன ஆகும் என்று பத்துக் குரல்கள் கூடவே கேட்கின்றன. அவள் உடனே, "கொஞ்சம் பொறுத்துப் போ, கண்ணு" என்கிறாள். அது கல்நெஞ்சம் அன்று. மகளின் வாழ்க்கையில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. பங்காளியை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட முடியுமா?

ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்தவரிடம், சொந்த அண்ணனிடம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். விழுப்புரத்தில் அவர் இறங்கிவிடுவார் என்ற தைரியம்தான் அவர்களைப் பேச வைக்கிறது. அவருக்கு நம் வாழ்க்கையில் பங்கில்லை. அந்நியராக இருப்பதிலேயே ஒரு நன்மை உண்டு என்பதை மனித மனம் எந்தப் படிப்பும் இல்லாமல் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மனநல ஆலோசனை என்பது இந்த ரயில் சிநேகத்துக்குப் பயிற்சியும் பொறுப்பும் சேர்த்து, அடுத்த வாரமும் அதே இருக்கையில் அதே மனிதர் இருப்பார் என்ற உறுதியையும் கொடுத்த ஏற்பாடு.

காசு வாங்குவதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிக்மண்ட் ஃபிராய்ட் 1913-ஆம் ஆண்டில், சிகிச்சையைத் தொடங்கும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிக்கு ஒரு குறிப்பிட்ட மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. அது அவருக்கே சொந்தம். வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு அவரே பொறுப்பு. பண விஷயத்தைக் கூச்சமில்லாமல் முதலிலேயே பேசிவிட வேண்டும் என்று அதில் சொன்னார். படிக்கும்போது வியாபாரப் பேச்சாகத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. நம் அழுகையை இலவசமாகக் கேட்ட மாமாவுக்கு நாம் ஆயுள் முழுவதும் கடன்பட்டவர்கள். நாளைக்கு அவர் ஒரு யோசனை சொன்னால் தட்ட முடியாது. பணம் கொடுத்துக் கேட்கச் செய்தவரிடம் கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. எழுந்து வரும்போது நாம் யாருக்கும் அடிமையில்லை.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. என் துயரத்தில் பிழைக்கிற ஒருவர் என் துயரம் தீர வேண்டும் என்று மனசார விரும்புவாரா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைக் குதர்க்கவாதிகள் என்று தள்ளிவிடக் கூடாது. இதற்கு நான் பின்னால் வருகிறேன்.

*

பேசுவதே ஒரு சிகிச்சை என்ற சொல் எங்கே பிறந்தது என்பது சுவையான விஷயம். 1880 முதல் 1882 வரை வியன்னா நகரத்தில் யோசெஃப் பிராயர் என்ற டாக்டர் ஓர் இளம் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். மனத்தில் அடைந்து கிடந்ததை அவள் பேசப் பேச, அவளுடைய உபாதைகள் தணிந்ததாக அவர் எழுதி வைத்தார். அந்த முறைக்குப் பெயர் வைத்தது டாக்டர் அல்லர், நோயாளிதான். "பேச்சு வைத்தியம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விளையாட்டாக, "புகைபோக்கி துடைப்பது" என்றும் சொன்னாளாம். பேச்சினாலேயே அவள் முழுக்கக் குணமாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் மருத்துவ விடுதிகளில் இருக்க நேர்ந்தது. ஆனால் பிற்காலத்தில் அதே பெர்த்தா பாப்பன்ஹைம், ஜெர்மனியில் யூதப் பெண்களின் உரிமைக்காகச் சங்கம் கண்ட பெரிய சமூக ஊழியராக விளங்கினார்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1922-லேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் 1794-ஆம் ஆண்டு தொடங்கிய மனநோய் விடுதியின் வழியில் வந்ததுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. ஆனால் நாம் என்ன செய்தோம்? அந்த ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கினோம். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லிச் சிரித்தோம். நம் சினிமாக்களும் சிரித்தன. இரண்டு தலைமுறை சிரித்ததன் பலனை மூன்றாவது தலைமுறை அனுபவிக்கிறது. இன்றைக்குத் தூக்கம் வராமல் தவிக்கிற ஓர் இளைஞன் ஆலோசகரின் படியேறத் தயங்குவதற்கு அந்தச் சிரிப்பு காரணமில்லை என்று யார் சொல்ல முடியும்?

சரி, தயக்கத்தை உதறிவிட்டு ஒருவர் போகத் துணிகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போவது? கைப்பேசியில் தேடினால் நூறு முகங்கள் சிரிக்கின்றன. எல்லோருக்கும் பட்டங்கள் இருக்கின்றன. எல்லோரும் "உங்களைப் புரிந்துகொள்ள நான் இருக்கிறேன்" என்கிறார்கள்.

முதலில் யார் யார் என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்குமேல் மனநோய் மருத்துவத்தில் பட்டம் பெற்ற டாக்டர். மருந்து எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் படித்து, நோயாளிகளிடையே பயிற்சி பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர். ஆலோசகர் என்பவர் உளவியலோ சமூகப்பணியோ படித்து, ஆலோசனை சொல்லப் பயிற்சி பெற்றவராக இருக்கலாம். சில வார வகுப்பு ஒன்றின் சான்றிதழை மாட்டிக்கொண்டவராகவும் இருக்கலாம். நெடுங்காலம் அந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் வேலி இல்லை. 2021-ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர வகை செய்தது. பதிவேடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், "நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. புடவை வாங்கும்போது சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிற நாம், மனத்தை ஒப்படைக்கும்போது மட்டும் கேட்கக் கூசுகிறோம்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். "உங்கள் வேலையில் சந்தேகம் வந்தால் நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" என்பது அது. நல்ல ஆலோசகர்களுக்கு மேலே மூத்தவர் ஒருவர் இருப்பார். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லாமல், தம் வேலையை அவர் முன்னே வைத்துக் குறை கேட்டுக்கொள்வார்கள். இந்தக் கேள்விக்கு ஒருவர் கோபப்பட்டால், அவருக்கு மேலே யாரும் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவரிடம் நமக்கும் இடமில்லை.

*

பட்டமும் பயிற்சியும் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு பழைய சினிமாப் படம் சாட்சி. 1964-ல் அமெரிக்காவில் எடுத்த பாடப் படம் அது. குளோரியா என்ற பெண்மணி. விவாகரத்துக்குப் பிறகு மகளிடம் சொல்ல நேர்ந்த ஒரு பொய் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பேர்போன மூன்று நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரோடு பேசினார்கள். கார்ல் ராஜர்ஸ் பொறுமையாகக் கேட்டார். குளோரியா விடை சொல்லும்படி நெருக்கியும், விடையை அவரே கண்டுகொள்ளும்படி கூடவே நடந்தார். ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் சீண்டினார். "நீ நடிக்கிறாய்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆல்பர்ட் எல்லிஸ், உன் எண்ணத்தில் இன்ன இடத்தில் தர்க்கம் பிசகுகிறது என்று வாதாடி விளக்கினார்.

மூன்று பேரும் ஒரே பெண்ணைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒருவர் முன்னால் அழத் தெரிந்த குளோரியா இருந்தார். இன்னொருவர் முன்னால் சண்டை போடத் தெரிந்த குளோரியா. மூன்றாமவர் முன்னால் மாணவியாக ஒரு குளோரியா. ஆகவே, ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் எதிரே உட்காரப் போகிறவரை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. நமக்குள் இருக்கிற பல பேரில் யார் பேசப் போகிறார் என்பதையும் தேர்ந்தெடுக்கிறோம்.

படத்தின் முடிவில், இந்தச் சமயத்தில் தனக்கு அதிகம் பயன்படக் கூடியவர் பெர்ல்ஸ் என்று குளோரியா சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது ராஜர்ஸுக்கு. முதல் சந்திப்பில் நம்மை உலுக்கியவர் வேறு. காலமெல்லாம் நம்பத் தோன்றுகிறவர் வேறு. பெண் பார்க்கப் போனவர்களுக்கு இது புரியும்.

எந்த முறை உயர்ந்தது என்று நிபுணர்களுக்குள் சண்டை உண்டு. சால் ரோசென்ஸ்வைக் என்பவர் 1936-லேயே, வெவ்வேறு முறைகள் ஏறக்குறைய ஒரே விதமான பலனைத் தருகின்றனவே, எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதானே வேலை செய்கிறது என்று கேட்டார். 1979-ல் எட்வர்ட் போர்டின் அந்தப் பொது அம்சத்தை மூன்றாகப் பிரித்தார். எதற்காக வந்திருக்கிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. அதற்காக என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு. இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. இந்தக் கூட்டுறவு நன்றாக அமைந்த இடத்தில் பலனும் நன்றாக அமைகிறது என்று அதற்குப் பின் நடந்த ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முறை எதுவானாலும் பரவாயில்லை என்று இதற்குப் பொருளில்லை. சில பயங்களுக்கும், விடாமல் கை கழுவுவது போன்ற நிர்ப்பந்தங்களுக்கும் தனிப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஆனால் பயிற்சி பெற்றவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க, போர்டினின் மூன்று அம்சங்கள் எந்த வாசகரும் வைத்துக்கொள்ளக்கூடிய துலாக்கோல். நாலைந்து தடவை போய் வந்த பிறகு, "நாம் இருவரும் எதற்காகச் சந்திக்கிறோம்?" என்ற கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியவில்லை என்றால், அவரிடமே கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் எழுந்து வாருங்கள்.

*

ரகசியத்துக்கு வருவோம். "நீங்கள் சொல்வது இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கும்; எந்தக் காரணத்தைக் கொண்டும் வெளியே போகாது" என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவரை நம்புவதா? நான் நம்ப மாட்டேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. அதே சட்டம் விதிவிலக்குகளையும் சொல்கிறது. ஓர் உயிருக்கு ஆபத்து என்றால், பிறருக்குத் தீங்கு நேரும் என்றால், நீதிமன்றம் கேட்டால், தேவையான அளவுக்குச் சொல்லலாம். குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமை தெரியவந்தால் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. ஆகவே யோக்கியமான ஆலோசகர் முதல் நாளே, "இவை என்னோடு இருக்கும், இன்னின்ன நிலைமையில் மட்டும் நான் பேச நேரும்" என்று எல்லையைச் சொல்லிவிடுவார். எல்லை சொல்லுகிற வாக்குத்தான் வாக்கு.

ரகசியத்துக்கு வேறு ஒரு சுலபமான பரீட்சையும் உண்டு. பெயர் சொல்லாவிட்டாலும், இன்ன உத்தியோகம், இன்ன தெரு என்று அடையாளம் தெரியும்படி இன்னொருவர் கதையை அவர் உங்களிடம் சொல்கிறாரா? அப்படியானால் உங்கள் கதையும் அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.

எதிரே இருப்பவரின் ஒழுங்கைப் பார்த்தோம். அவருடைய உள்ளத்தில் என்ன தராசு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? நம் ஊரில் ஆலோசகரும் நம் ஊர்க்காரர்தான். "எந்த ஊர்? எந்தத் தெரு? அப்பா பேரென்ன?" என்று கேட்டுக்கொண்டே சாதியைத் தெரிந்துகொள்ளும் வித்தை அவருக்கும் தெரிந்திருக்கும். அடி வாங்குகிற மனைவியிடம் "அனுசரித்துப் போங்கள்" என்று சொல்கிறவரும், சாதி விட்டுக் காதலித்தவனிடம் "பெற்றோர் மனம் நோகலாமா?" என்று கேட்கிறவரும் ஆலோசகர் பலகையோடு இருக்கக் கூடும். அவரிடம் போவதற்கு மணிக்கணக்கில் பணம் எதற்கு? அந்த யோசனையைப் பெரியப்பா இலவசமாகச் சொல்லுவார்.

இந்த இடத்தில் ஒரு நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில், ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாம் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் அளித்த உத்தரவு, இத்தகைய நாட்டத்தை "மாற்றிக் காட்டுகிறேன்" என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அப்படிச் சிகிச்சை செய்வதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. "எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று நீதி ஆசனத்தில் இருப்பவரே சொல்ல முடியுமானால், நாலு நாற்காலி போட்ட அறையில் இருப்பவர் சொல்லக் கூடாதா? தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவரா என்பதைப் பாருங்கள். மந்தமாகவே இருக்கிறது என்று வந்தவரைத் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பி வைக்கிற ஆலோசகர், தம் தொழிலின் எல்லை தெரிந்தவர். எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்று எல்லாரையும் தம்மிடமே வைத்துக்கொள்கிறவர் அது தெரியாதவர்.

*

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி எழும். நெஞ்சு உடைந்து வருகிறவன் இத்தனை விசாரணையும் செய்வானா? வெள்ளத்தில் போகிறவன் கயிற்றின் புரியை எண்ணிப் பார்ப்பானா? தேர்ந்தெடுக்க வேண்டியது மனம். நொந்து கிடப்பதும் அந்த மனமே. பழுதான தராசைக்கொண்டு எதை நிறுப்பது?

இந்தச் சிக்கலை நம்மவர்கள் அறியாமல் இல்லை. திருக்குறளில் மருந்தைப் பற்றிய அதிகாரத்தில், வைத்தியம் என்பது நாலு பேர் சேர்ந்த காரியமாகச் சொல்லப்படுகிறது. நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறவரும் ஒரு பகுதி. இந்த நாலாவது ஆளை நாம் மறந்துவிட்டோம். நொந்தவருக்குப் பதிலாக விசாரித்து வைக்க வேண்டியவர் அவர். இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக் கொடுத்து, தொலைபேசியில் நேரம் வாங்கி, கூடவே போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் அவர். திரும்பி வந்தவரிடம் "உள்ளே என்ன பேசினீர்கள்?" என்று கேட்காமல், "காப்பி சாப்பிடலாமா?" என்று கேட்க வேண்டியவரும் அவர்தான். அண்ணனும் அக்காவும் நண்பனும் ஆலோசகராக முடியாது என்று முன்னே சொன்னேன். இந்த நாலாவது இடம் அவர்களுக்கே உரியது.

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிற நேரத்தில் தேர்வும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம். சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் இதற்காகவே இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. தனியார் ஆலோசகருக்குப் பணம் கட்ட இயலாதவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

ஆனால் பழுதான தராசு என்று சொன்னேனே, அது முழு உண்மை அன்று. எவ்வளவு நொந்த மனத்திலும் பழுதாகாமல் ஒரு சாட்சி விழித்திருக்கிறது. நூறு டிகிரிக் காய்ச்சலில் கிடக்கிறவனுக்கும், நெற்றியில் வைத்த கை முரட்டுக் கையா, பரிவான கையா என்பது தெரியும். இந்த அறையில் நான் ஒரு மனிதனாக மதிக்கப்பட்டேனா, அல்லது ஒரு கேஸாக நடத்தப்பட்டேனா என்பது நமக்குத் தெரியும். ஆலோசகர் கடுமையாக ஓர் உண்மையைச் சொல்லி நாம் புண்பட்டு வந்த நாளில்கூடத் தெரியும். உண்மை குத்தினால் வலி இருக்கும், அவமானம் இருக்காது. அவமானத்தோடு திரும்பி வந்தால் அது உண்மையின் வேலை அன்று. எல்லை மீறித் தொடுகிறவர், நட்பு கொண்டாடி வீட்டுக்கு வருகிறவர், சீட்டு நாட்டு விஷயம் பேசுகிறவர், தம் சாமியைக் கும்பிடச் சொல்கிறவர், இத்தனை நாளில் குணமாக்குகிறேன் என்று தேதி வைக்கிறவர்: இவர்களிடம் நம் மனம் ஒரு கணமாவது கூசியிருக்கும். அந்தக் கூச்சத்தை நம் வியாதியின் பகுதி என்று அவர்கள் சொல்லுவார்கள். நம்பாதீர்கள்.

திருக்குறளிலேயே தெரிந்து தெளிதல் என்ற அதிகாரம் அரசனுக்காகச் சொன்னது. ஆனால் நமக்கும் பொருந்தும். விசாரிக்காமல் நம்புவது ஒரு கேடு. விசாரித்து நம்பிய பிறகும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது மற்றொரு கேடு. சிலர் ஆறு மாதத்தில் ஆறு ஆலோசகர்களைப் பார்த்துவிட்டு, "ஒருவரும் சரியில்லை" என்பார்கள். எங்கே வலிக்கிறதோ அந்த இடத்துக்குப் பேச்சு வரும்போதெல்லாம் அவர்கள் செருப்பைத் தேடியிருப்பார்கள். விலகுவதற்கு உரிமை உண்டு. ஆனால் விலகப்போவதை ஒரு தடவை அவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். நல்லவராக இருந்தால் அந்தப் பேச்சிலிருந்தே வேலை தொடங்கும். இல்லாவிட்டால், "போகாதே" என்று பயமுறுத்துவார். விலகியது சரி என்பது அங்கேயே ஊர்ஜிதமாகிவிடும்.

என் போன்ற கதாசிரியர்களிடம் வந்து மனம் திறக்கிறவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. எங்களுக்கு மனித மனம் தெரியும் என்று நினைத்து நீளக் கடிதங்கள் எழுதுகிறீர்கள். நாங்கள் ஆவலோடுதான் படிக்கிறோம். அந்த ஆவல்தான் ஆபத்து. நீங்கள் உங்கள் தகப்பனாரைப் பற்றி எழுதும்போதே எங்கள் மனத்தில் ஒரு பாத்திரம் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறது. கதைக்குத் துயரம் முற்ற வேண்டும். ஆலோசகருக்கு அது தணிய வேண்டும். எங்கள் காதை நம்பாதீர்கள்.

பின்னால் வருகிறேன் என்று சொன்ன அந்த முடிச்சு பாக்கி இருக்கிறது. என் துயரத்தில் பிழைக்கிறவர் அது தீர வேண்டும் என்று விரும்புவாரா? ஓடக்காரரை எண்ணிப் பாருங்கள். ஆறு இருப்பதனால்தான் அவருக்குப் பிழைப்பு. அதற்காக ஆற்றின் நடுவிலேயே நம்மைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பவரை ஓடக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. அக்கரையில் இறக்கிவிடுவதற்குத்தான் கூலி. சில மாதங்கள் போன பிறகு, அவர் இல்லாமல் ஒரு முடிவு எடுக்க முன்பைவிடத் தைரியம் வந்திருக்கிறதா, அல்லது எதற்கும் அவரைக் கேட்டாக வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னதானால், கொடுத்த காசு வீண் போகவில்லை. கூலி வாங்கியதற்காக அவரைக் குறைத்துப் பேச வேண்டாம்; கூலி கொடுத்ததற்காக நீங்களும் வெட்கப்பட வேண்டாம். கரை வந்ததும் இறங்கி உங்கள் வழியே நடந்து போங்கள்.